டவுன் குறைபாடு உடையோர்: அன்றும் இன்றும்



புனே நகரத்தைப் பற்றிப் பேசத் தொடங்குவோர் பேஷ்வாக்களின் சனிவார் வாடாவையும், லோகமான்ய திலகரையும், அங்குள்ள புகழ்பெற்ற கல்லூரிகளையும் நினைவுகூர்வது வழக்கம். நாம் இன்று அந்நகரத்து நீச்சல் வீராங்கனை ஒருவரிடமிருந்து தொடங்குவோம். கௌரி காட்கில் என்பது அவர் பெயர். அறிவு வளர்ச்சியில் குறைபாடு உடையோருக்கென நடத்தப்படும் சிறப்பு ஒலிம்பிக் போட்டி 2007-ஆம் ஆண்டு சீனத்தின் ஷாங்காய் நகரில் நடைபெற்றபொழுது, நீச்சலில் பதக்கம் பெற்றுத் திரும்பியவர் அவர். அவருடைய வாழ்க்கையைத் தழுவி ‘யெல்லோ’ என்னும் மராத்தித் திரைப்படம் 2014-ஆம் ஆண்டு வெளிவந்தது. மகேஷ் லிமயே இயக்கிய அப்படத்தில், வளர்ந்த பருவத்துக் கௌரியாக நடிப்பதற்கு வேறு நடிகையைத் தேடவில்லை, கௌரியே நடித்தார். தேசியத் திரைப்பட விருதுக் குழுவினரும் அவர் நடிப்பைச் சிறப்பாகக் குறிப்பிட்டுப் பாராட்டினர்.

கௌரி, டவுன் சிண்ட்ரோம் என மருத்துவர்கள் கூறும் குறைபாட்டுடன் பிறந்தவர். இதே குறைபாட்டுடன் ஒரு பெண் நூறாண்டுகளுக்கு முன்னர் இதே ஊரில் பிறந்திருப்பின் அவள் நிலை என்னவாகியிருக்கும்? பெரும்பாலும் பத்து வயதை எட்டுவதே அரிதாக இருந்திருக்கும். தப்பிப் பிழைத்திருந்தாலும் அவளுக்குப் பள்ளி கிடைத்திராது. விருந்தினர் வரும்பொழுது உள்ளறைக்கு அனுப்பப்படும் பிள்ளையாகவே அவள் காலம் கழிந்திருக்கும். இந்த நூறாண்டுகளில் மாறியது எது, மாறாமல் நிற்பது எது, புதிதாக எழுந்துள்ள கவலை எது என்பனவற்றை ஒருவாறு எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் இக்குறைபாடு யாது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நம் உடல் எண்ணற்ற உயிரணுக்களால் ஆயது. உயிரணுவினுள் குரோமோசோம் எனப்படும் நுண்ணிய இழைகள் 46 உள்ளன. இவை 23 இணைகளாக அமைந்தவை; ஒவ்வோர் இணையிலும் ஒன்று தாயிடமிருந்தும், மற்றொன்று தந்தையிடமிருந்தும் வந்ததாகும். விஞ்ஞானிகள் இவ்விணைகளுக்கு வரிசை எண் கொடுத்துள்ளனர். அவற்றுள் 21-ஆவது இடத்தில் இரண்டு இழைகளுக்குப் பதிலாக மூன்று அமைந்துவிட்டால், மொத்தம் 47 ஆகிவிடுகிறது. மிகுதியாக வந்த அந்த ஓர் இழையே டவுன் குறைபாட்டுக்குக் காரணம். மேல்நோக்கிச் சாய்ந்த கண்கள், தட்டையான மூக்கு, தளர்ந்த தசைகள், குறுகிய உருவம், தாமதமாக வரும் பேச்சு, மெதுவாக நிகழும் அறிவு வளர்ச்சி ஆகியன அதன் அடையாளங்கள். உலகில் ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளில் ஒரு குழந்தை இவ்வாறு பிறப்பதாக ஐக்கிய நாடுகள் சபை மதிப்பிட்டுள்ளது.

இவ்விழை எவ்வாறு மிகுந்தது? கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்பொழுது, பிரிய வேண்டிய இரண்டு இழைகள் பிரியாமல் ஒன்றாகவே சென்றுவிடுகின்றன. பெரும்பாலானோரிடத்து இது தாயின் கருமுட்டையில் தற்செயலாக நிகழ்வது. தாயின் வயது ஏற ஏற இதற்கு வாய்ப்பும் ஏறுகிறது. இருபத்தைந்து வயதுத் தாய்க்கு ஏறத்தாழ 1200 பிரசவங்களில் ஒன்று என்னும் அளவில் உள்ள வாய்ப்பு, நாற்பது வயதில் 100-க்கு ஒன்று என்னும் அளவை எட்டுகிறது. ஆயினும் இளம் வயதிலேயே பெண்கள் மிகுதியாகப் பிள்ளை பெறுவதால், இக்குழந்தைகளுள் பெரும்பாலோர் இளந்தாயர்க்குப் பிறந்தவர்களே. நூற்றுக்கு மூன்று அல்லது நான்கு பேரிடத்து மட்டும் இழையொன்று மற்றோர் இழையுடன் ஒட்டிக்கொண்டிருக்கும். அவ்வகையே சில குடும்பங்களில் வழிவழியாக வரக்கூடியது.

இவ்வளவையும் இங்கே விரித்துக் கூறுவதற்குக் காரணம் உண்டு. கிரகணத்தன்று கர்ப்பிணி வெளியே வந்தாள், ஆகாத பண்டத்தைத் தின்றாள், முற்பிறவியில் பாவம் செய்தாள் என்றெல்லாம் நம் வீடுகளில் இன்றும் பேசப்படுகிறது. அப்பேச்சின் சுமை முழுவதும் தாயின் தலைமீதே விழுகிறது. நுண்ணணுவில் நிகழ்ந்த ஒரு தற்செயலுக்கு எந்தத் தாயும் பொறுப்பாளி ஆகமாட்டாள். இது தொற்றும் நோயும் அன்று. மருந்து கொடுத்து மாற்றக்கூடியதும் அன்று. பிறப்போடு வந்து வாழ்நாள் முழுதும் உடனிருக்கும் ஓர் அமைப்பு.

இக்குறைபாடு இக்காலத்தில் தோன்றியது என்று எண்ணுவோரும் உளர். பழங்கால எலும்புகளை ஆராய்ந்த விஞ்ஞானிகள் 2024-ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவு அவ்வெண்ணத்தைப் போக்குகிறது. ஐரோப்பாவின் பல இடங்களில் அகழ்ந்தெடுக்கப்பட்ட குழந்தை எலும்புகளுள் ஆறில், 21-ஆவது குரோமோசோம் மிகுந்திருந்தமை கண்டறியப்பட்டது. அவற்றுள் சில ஈராயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. அக்குழந்தைகளுள் எதுவும் இரண்டு வயதைக் கண்டதில்லை. எனினும் அவற்றுள் சில, வாழும் வீட்டின் தரைக்குள்ளேயே, அணிகலன் முதலிய பொருள்களுடன் கருத்தோடு அடக்கம் செய்யப்பட்டிருந்தன. எழுத்தறியாத அம்மக்கள் அக்குழந்தையைத் தம்மவளாகவும் தம்மவனாகவும் எண்ணியதற்கு அதுவே சான்று.

மருத்துவ நூல்களில் இக்குறைபாடு இடம்பெற்றது மிகப் பிந்தியே. இங்கிலாந்தில் எர்ல்ஸ்வுட் என்னுமிடத்தில், அறிவு வளர்ச்சி குன்றியோரை வைத்துப் பாதுகாத்த விடுதியொன்று இருந்தது. 1858-ஆம் ஆண்டு ஜான் லாங்டன் டவுன் என்னும் இளம் மருத்துவர் அதற்குப் பொறுப்பேற்றார். அங்கிருந்தோருள் ஒரு பகுதியினர், உடன்பிறந்தோர் போல ஒரே முகச்சாயல் உடையவராய் இருப்பதை அவர் கூர்ந்து நோக்கினார். 1866-ஆம் ஆண்டு அதனைக் கட்டுரையாக எழுதினார். அவர் பெயராலேயே இக்குறைபாடு இன்று வழங்குகிறது. ஆயினும் அக்கட்டுரையில் அவர் ஒரு பெரும்பிழையும் செய்தார். உலக மக்களை இனங்களாகப் பகுத்துப் பார்க்கும் அக்கால வழக்கத்துக்கு உட்பட்டு, இக்குழந்தைகளின் கண்களைக் கண்டு, இவர்கள் மங்கோலிய இனச் சாயலுக்குத் திரும்பியவர்கள் என்று எழுதிவிட்டார். அன்று தொடங்கி ஏறத்தாழ நூறாண்டுக் காலம், ஓர் இன மக்களின் பெயரே ஒரு குறைபாட்டின் பெயராக மருத்துவ நூல்களில் நிலவியது.

நடைமுறையில் டவுன் காலத்தை விஞ்சியவராகவே இருந்தார். 1868-ஆம் ஆண்டு தாமும் தம் மனைவியாருமாக நார்மன்ஸ்ஃபீல்டு என்னுமிடத்தில் இத்தகையோருக்கென ஓர் இல்லம் அமைத்தார். உண்ணவும் உடுக்கவும் தொழில் செய்யவும் அங்கே பயிற்சி தந்தார்; 1879-ஆம் ஆண்டு நாடக அரங்கு ஒன்றையும் அங்கே எழுப்பினார். இவர்களால் கற்க முடியும் என்று அவர் நம்பினார். அந்நம்பிக்கை உலகில் பரவுவதற்கு முன், அவர் இட்ட தவறான பெயர் பரவிவிட்டது.

அப்பெயர் மறைவதற்கு அறிவியலும் ராஜதந்திரமும் துணை செய்தன. 1959-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் ஜெரோம் லெஜூன், மார்த் கோத்தியே, ரேமோன் துர்ப்பேன் ஆகியோர் இக்குழந்தைகளிடத்து 47 குரோமோசோம்கள் இருப்பதை வெளியிட்டனர். இனத்துக்கும் இக்குறைபாட்டுக்கும் தொடர்பே இல்லை என்பது அதனால் உறுதியாயிற்று. 1961-ஆம் ஆண்டு மரபியல் அறிஞர் பலர் சேர்ந்து, பழைய பெயரைக் கைவிட வேண்டுமென மருத்துவ இதழ் ஒன்றுக்கு எழுதினர். 1965-ஆம் ஆண்டு மங்கோலிய நாட்டுப் பிரதிநிதிகள் தம் மக்களின் பெயரை இவ்வாறு வழங்குவது தகாது என்று உலக சுகாதார ஸ்தாபனத்திடம் முறையிட, அச்சொல் அங்கு வழக்கிழந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சட்டங்களையும் அரசாங்கச் சுற்றறிக்கைகளையும் மொழிபெயர்ப்பதைத் தொழிலாகக் கொண்டவர் நாம். ஆகவே ஒரு காலத்தின் மனப்போக்கை அறிய அக்காலத்துச் சட்டத்தின் முதற்பக்கத்திலுள்ள சொல்விளக்கங்களைப் பார்ப்பது நம் வழக்கமாகிவிட்டது. ஆங்கிலேயர் ஆட்சியில் 1912-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட இந்தியப் பைத்தியர் சட்டம், பைத்தியர் என்னும் சொல்லுக்கு விளக்கம் தருங்கால், மூடரையும் சித்தம் கலங்கியோரையும் ஒன்றாகவே சேர்த்துக் கூறியது. பிறவியிலேயே அறிவு வளர்ச்சி மெதுவாக உள்ள குழந்தையும், வளர்ந்தபின் மனநோய்க்கு ஆளானவரும் சட்டத்தின் கண்ணில் ஒன்றே. சட்டம் காட்டிய கதவும் ஒன்றே. புனேயைப் பொறுத்தவரை அது எரவாடாவிலிருந்த மனநோய் மருத்துவமனையின் கதவு. அச்சட்டம் 1987-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை எழுபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக நின்றது. புதிய சட்டமே மனநோயையும் அறிவு வளர்ச்சிக் குறைவையும் வேறு வேறென்று முதன்முதலாகப் பிரித்துரைத்தது.

அக்கதவுக்குள் சென்றோர் சிலரே. ஏனையோர் வீட்டிலேயே இருந்தனர். கூட்டுக் குடும்பத்தில் பாட்டியோ அத்தையோ அக்குழந்தைக்குச் சோறூட்டி, தலைவாரி, கோயிலுக்கும் அழைத்துச் சென்றதுண்டு. கிணற்றடியில் நீர் இறைப்பதும், மாட்டுக்குத் தீனி வைப்பதும், அவரைக்காய் உரிப்பதுமாகச் சிலர் வீட்டுக்குப் பயன்பட்டும் வாழ்ந்தனர். அவ்வன்பை நாம் குறைத்துக் கூறுவதற்கில்லை. ஆனால் அக்காவுக்கு வரன் பார்க்க வருவோர் கண்ணில் படாமல் அக்குழந்தை மறைக்கப்பட்டதும் அதே வீட்டில்தான். மராத்தியில் ‘மதிமந்த்’ என்றும், தமிழில் ‘மந்தபுத்தி’ என்றும் ஒரு சொல்லைச் சொல்லி முடித்தபின், கற்பிக்க வேண்டியது எதுவும் இல்லை என்ற எண்ணமே நிலவியது.

அவ்வெண்ணத்தை முதலில் மறுத்தவர்கள் பெற்றோர்களே. பம்பாயில் வக்கீல் என்னும் பார்சிக் குடும்பத்தில் டவுன் குறைபாட்டுடன் ஒரு பெண் பிறந்தாள். அவளைச் சேர்த்துக்கொள்ளும் பள்ளி ஒன்றையும் பெற்றோர் காணவில்லை. ஆகவே 1944-ஆம் ஆண்டு தாமே ஒரு பள்ளியைத் தொடங்கினர். தாயாராகிய ஜெய் வக்கீல் அம்மையாரின் பெயரைத் தாங்கி, அந்நிறுவனம் இன்று மும்பையின் சேவரிப் பகுதியில் பெரிய அளவில் பணியாற்றி வருகிறது. புனேயில் சிந்துதாயி ஜோஷி அம்மையார் 1964-ஆம் ஆண்டு காமாயனி என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். கோகலே நகர்ப் பகுதியிலுள்ள அப்பள்ளி, அறிவு வளர்ச்சிக் குறைபாடு உடைய பிள்ளைகளுக்குக் கல்வியும் தொழிற்பயிற்சியும் தருவதில் அந்நகரத்தின் முன்னோடிகளுள் ஒன்று. அரசாங்கம் இத்துறையில் தேசிய நிறுவனம் ஒன்றைச் செகந்தராபாத்தில் அமைத்தது 1984-ஆம் ஆண்டிலேதான். பெற்றோரும் தொண்டுள்ளம் கொண்டோரும் அதற்கு நாற்பது ஆண்டுகள் முன்னரே இறங்கிவிட்டனர் என்பது கருதத்தக்கது.

இத்தகைய பள்ளிகளில் என்ன கற்பிக்கிறார்கள் என்று சிலர் வினவுவர். சட்டைப் பொத்தானைப் போடும் செயலை எடுத்துக்கொள்வோம். நமக்கு அது ஒரே செயல். ஆசிரியை அதனை ஏழெட்டுப் படிகளாகப் பிரிக்கிறார். பொத்தானைப் பிடித்தல், துளையைத் தேடுதல், விளிம்பை நுழைத்தல், மறுபுறம் பற்றி இழுத்தல் என ஒவ்வொன்றும் ஒரு பாடம். பலமுறை கடைசிப் படியை மட்டும் குழந்தைக்கு விட்டுவிட்டு, முன்னைய படிகளை ஆசிரியையே செய்வார். தானே முடித்த மகிழ்ச்சி குழந்தைக்குக் கிட்டும். பிறகு கடைசி இரண்டு படிகள், பிறகு மூன்று எனப் பயிற்சி பின்னோக்கி வளரும். டவுன் குறைபாடு உடையோர் காதால் கேட்பதைவிடக் கண்ணால் காண்பதை நன்கு பற்றிக்கொள்வர். பலருக்குச் செவிப்புலனும் சற்றுக் குறைவு. ஆகவே படங்கள், அட்டைகள், செய்துகாட்டல் ஆகியவற்றின் வழியாகவே பாடம் நடக்கிறது. பத்து ரூபாய் கொடுத்து மீதிச் சில்லறை வாங்குவதும், தாம் ஏற வேண்டிய பேருந்தின் எண்ணை அடையாளம் காண்பதும் அங்கே பெரும் பாடங்கள். இவற்றில் தேறியோர் சிலர் எழுதப் படிக்கக் கற்று, கடைகளிலும் உணவுச் சாலைகளிலும் அலுவலகங்களிலும் சம்பளத்துக்கு வேலை பார்க்கின்றனர். எல்லாரும் ஒரே அளவு முன்னேறுவதில்லை. நம் பிள்ளைகளும் அவ்வாறே அல்லவா?

பள்ளி செய்ததற்கு இணையாக மருத்துவமும் செய்தது. டவுன் குறைபாட்டுடன் பிறப்போரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இதயத்தில் பிறவிக் கோளாறு இருக்கும். இதய அறைகளுக்கிடையே துளை இருப்பது அவற்றுள் முக்கியமானது. நுரையீரல் தொற்றும் இவர்களை எளிதில் பற்றும். முன்னாளில் இவ்விரண்டுமே இவர்களைச் சிறுவயதில் கொண்டுசென்றன. 1920-களின் இறுதியில் மேலைநாடுகளில் இவர்களின் சராசரி ஆயுள் ஒன்பது ஆண்டு என்று கணக்கிட்டனர். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் வந்தன. திறந்த இதய அறுவைச் சிகிச்சை வந்தது. தைராய்டுக் குறைவைச் சோதித்து மாத்திரை கொடுக்கும் வழக்கம் வந்தது. அமெரிக்காவில் 1983-ஆம் ஆண்டு இருபத்தைந்தாக இருந்த சராசரி ஆயுள், இன்று அறுபதை எட்டியுள்ளது. நம் நாட்டில் எல்லா ஊர்களிலும் இதே நிலை என்று கூற இயலாது. புனே போன்ற நகரத்தில் இதய அறுவைச் சிகிச்சை செய்யும் மருத்துவமனைகள் உள்ளன. அதே மாவட்டத்து மலைக்கிராமத்தில் பிறக்கும் குழந்தைக்கு, இதயத்தில் துளை உண்டென்பதே கண்டறியப்படாமல் போகலாம். பிறந்த சில நாட்களுக்குள் இதயத்தைச் சோதிக்கச் செய்வது இக்குழந்தைக்குப் பெற்றோர் செய்யும் முதல் உதவியாகும்.

இவ்வளவும் நல்ல செய்தி. அறிவும் வசதியும் வளர்ந்த காலத்திலும் மனப்போக்கு பின்தங்கியிருந்தது என்பதற்கு அதே புனே மாவட்டம் ஒரு சாட்சி. 1994-ஆம் ஆண்டு, சிரூரில் அரசாங்கம் நடத்திவந்த இல்லத்திலிருந்த அறிவு வளர்ச்சிக் குறைபாடு உடைய பெண்கள், புனேயிலுள்ள ஸஸூன் பொது மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். மாதவிலக்கின்பொழுது தம்மைத் தூய்மையாக வைத்துக்கொள்ள அவர்களால் இயலவில்லை என்பது காரணமாகக் கூறப்பட்டது. பதினொரு பெண்களுக்குக் கருப்பை அகற்றப்பட்டது. அப்பெண்களின் சம்மதம் யாது என்று எவரும் வினவவில்லை. புனேயிலும் பம்பாயிலும் இருந்த பெண்கள் சங்கங்கள் கொதித்தெழுந்தன. நாடெங்கும் கண்டனம் பரவியது. எஞ்சியோருக்குச் செய்யவிருந்த சிகிச்சை நிறுத்தப்பட்டது. அவர்கள் எல்லாரும் டவுன் குறைபாடு உடையோர் அல்லர். ஆனால் சட்டமும் சமூகமும் இவர்கள் அனைவரையும் ஒரே தட்டில் வைத்தே நிறுத்துவதால், அந்நிகழ்ச்சி இவர்களுக்கும் உரியதே. அப்பெண்களுக்குத் துணி மாற்றக் கற்றுத்தர ஆள் இல்லை. ஆகவே அவர்கள் உடலுறுப்பே நீக்கப்பட்டது என்று அதனைச் சுருக்கிக் கூறலாம்.

அக்கண்டனம் வீண்போகவில்லை. 2007-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபையின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா ஏற்று உறுதி செய்தது. 2009-ஆம் ஆண்டு சண்டிகரிலிருந்து வந்த வழக்கொன்றில், அறிவு வளர்ச்சிக் குறைபாடு உடைய பெண்ணாயினும் அவள் சம்மதமின்றிக் கருவைக் கலைக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஒருவருடைய முழுமனத்தோடு கூடிய சம்மதமின்றி அவரைப் பிள்ளைப்பேறு அற்றவராக்கும் எந்த மருத்துவச் செயலும் கூடாது என விதிக்கிறது. மூடர் என்று தொடங்கிய சட்டச் சொல், நூறாண்டுகளில் உரிமை உடையவர் என்னும் சொல்லுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. மொழிபெயர்ப்பாளருக்கு இது மகிழ்ச்சி தரும் மாற்றமே. எனினும் சொல் மாறியதும் வாழ்வும் மாறிவிட்டதென எண்ணிவிடலாகாது என்பதை நாம் அண்மையில் நேரிலேயே கண்டோம்.

நம்முடன் பணியாற்றி ஓய்வுபெற்ற மூத்த நண்பர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் காலமானார். தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்து புனேயிலேயே தங்கிவிட்ட குடும்பம். இருபது ஆண்டுகள் பழகியும், அவருக்கு மகள் ஒருத்தி உண்டென்றே நாம் அறிந்திருந்தோம். துக்கம் விசாரிக்கச் சென்ற அன்றுதான், முப்பத்தெட்டு வயதுடைய மகனும் உண்டென்பது தெரிந்தது. டவுன் குறைபாடு உடையவர். வந்தவர்க்கெல்லாம் அவரே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். தம் தந்தையின் மூக்குக்கண்ணாடியை எடுத்துவந்து நம் கையில் வைத்தார். அம்மையார் தாழ்ந்த குரலில், “தம்பி, இவனைப் பற்றி அவர் ஆபீஸிலே எங்கும் எழுதிக் கொடுக்கவில்லை. பெண்ணுக்குக் கல்யாணம் ஆகட்டும் என்று இருந்துவிட்டார். எனக்கும் எழுபதாகிறது. எனக்குப் பிறகு இவனுக்கு யார்?” என்றார்.

மத்திய அரசு ஊழியரின் பிள்ளை, பொருளீட்ட இயலாத அளவு குறைபாடு உடையவராயின், வாழ்நாள் முழுதும் குடும்ப ஓய்வூதியம் பெறலாம் என்பது நெடுநாளைய விதி. ஊழியர் உயிரோடிருக்கும்பொழுதே பிள்ளையின் பெயரைப் பதிவு செய்துவைக்கவும் இடமுண்டு. நம் நண்பர் விதிகளை நன்கு அறிந்தவர். பிறருக்கு எடுத்துச் சொன்னவர். தம் குடும்ப விவரப் படிவத்தில் மட்டும் ஒரு வரியை நிரப்பாமல் விட்டுவிட்டார். பள்ளிக்கு அனுப்பாததால் மகனுக்குப் பள்ளிச் சான்றில்லை. பிறப்புப் பதிவும் கைவசம் இல்லை. மருத்துவச் சான்றும் இல்லை. அவரை அரசாங்கக் காகிதத்தில் பிறக்கச் செய்வதற்குப் பதினான்கு மாதங்கள் ஆயின. எழுபது வயது அம்மையார் எத்தனை படிகள் ஏறி இறங்கினார் என்பதை நாம் அறிவோம். இறுதியில் பெயர் சேர்ந்தது. நண்பர்மீது நமக்கு வருத்தமில்லை. மகனை அவர் உயிராகவே நேசித்தார். நாணம் அவ்வன்பைவிடச் சற்று வலிதாக இருந்துவிட்டது.

புதிதாக எழுந்துள்ள கவலை என்று தொடக்கத்தில் நாம் குறிப்பிட்டது இதுவே. முன்னாளில் இக்குழந்தையைப் பெற்றோர் அடக்கம் செய்தனர். இன்று இவர்கள் பெற்றோரைக் கொள்ளிவைத்து அனுப்பிவிட்டுப் பின்னும் பல்லாண்டு வாழ்கின்றனர். அன்றியும், மறதி நோய்க்கு ஏதுவான புரதத்தை ஆக்கும் மரபணு அதே 21-ஆவது குரோமோசோமில் இருப்பதால், இவர்களிற் பலருக்கு நாற்பது, ஐம்பது வயதிலேயே அந்நோய் தோன்றுகிறது. துணை மிகத் தேவைப்படும் அவ்வயதில் தாயும் தந்தையும் இருக்கமாட்டார்கள். கூட்டுக் குடும்பமும் சிறுத்துவிட்டது. உடன்பிறந்தோர் வெளிநாட்டில் இருப்பர்.

இதற்கெனச் சில ஏற்பாடுகள் உள்ளன. அவற்றை அறிந்திருத்தல் நலம். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, பதினெட்டு வயது கடந்த அறிவுசார் குறைபாடு உடையவருக்குப் பாதுகாவலரை நியமிக்கலாம். மாவட்ட ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட உள்ளூர்க் குழு மனுவை ஏற்று ஆணை பிறப்பிக்கும். அதே அறக்கட்டளையின் நிராமயா திட்டம் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு அளிக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை ஒன்றிருந்தால், பிற உதவிகளுக்கு அதுவே திறவுகோல். தமிழ்நாட்டில் உள்ளோருக்கும் இவை பொருந்தும். சென்னையில் இத்தகைய பெற்றோர்களின் சங்கம் நெடுங்காலமாக இயங்கி வருகிறது; 2015-ஆம் ஆண்டு டவுன் குறைபாடு பற்றிய உலக மாநாடும் சென்னையிலேயே கூடியது.

ஏட்டிலுள்ள இவ்வேற்பாடுகள் போதும் என்று நாம் கூறவில்லை. பெற்றோரை இழந்தோர் கண்ணியத்தோடு தங்கும் இல்லங்கள் தேவைக்கு மிகக் குறைவு. உள்ளவற்றையும் மேற்பார்வையிட வேண்டும் என்பதைச் சிரூர் நமக்குக் கற்பித்திருக்கிறது. ஆயினும் இல்லம் கட்டுவதற்கு முன் நாம் ஒவ்வொருவரும் செய்யத்தக்கவை சில உண்டு. இத்தகைய ஒருவரைக் காணும்பொழுது அருகிலுள்ள தாயிடம், “இவன் பெயரென்ன?” என்று கேளாமல், அவரிடமே கேட்கலாம். விடை வரச் சற்று நேரமாகும், காத்திருக்கலாம். முப்பது வயதினரைக் குழந்தை என்றழைத்துக் கன்னத்தைக் கிள்ளாதிருக்கலாம். கல்யாண வீட்டுக்கு அழைக்கும்பொழுது, “எல்லாரும் வாருங்கள்” என்பதோடு நில்லாமல் அவர் பெயரையும் சொல்லி அழைக்கலாம்.

21-ஆவது குரோமோசோம் மூன்றாய் அமைவதைக் குறிக்கும் வகையில், மூன்றாம் மாதமாகிய மார்ச்சு மாதத்தின் 21-ஆம் நாளை உலக டவுன் குறைபாட்டு நாளாக ஐக்கிய நாடுகள் சபை 2011-ஆம் ஆண்டு அறிவித்தது. 2012 முதல் அது ஆண்டுதோறும் கொண்டாடப்படுகிறது. கூட்டங்கள் நடக்கட்டும்; நல்லதே. இத்தகைய பிள்ளையை உடைய பெற்றோர் இதனைக் கேட்டுக்கொண்டிருப்பின், அவர்கள் மார்ச்சு மாதம் வரை காத்திருக்க வேண்டா என்று கேட்டுக்கொள்வோம். இன்றே குடும்ப அட்டையை எடுத்துப் பாருங்கள். அலுவலகப் படிவத்தை எடுத்துப் பாருங்கள். அங்கே உங்கள் பிள்ளையின் பெயர் இல்லையெனில், நாளைக் காலையில் முதல் வேலையாக அதனை எழுதிக்கொடுங்கள்.